வாளிக்குக் கீழே

பெலேம் சந்தையில், பிப்ரவரியில்,
பத்து ரேயாலுக்கு மூன்று பக்குரி.
எலுமிச்சை மஞ்சளில் தடித்த தோல்.
கதவிடுக்கில் வைத்துத்தான் உடைக்க முடிந்தது.
உள்ளே வெண்ணெய் போலச் சுளைகள்.
விதையில்லாத சுளைக்கு
இந்த ஊரில் 'பிள்ளை' என்று பெயர்.
பிள்ளை யாருக்கு என்று
ஜூசிலேனியும் நானும் எப்போதும் சண்டை போடுவோம்.
அன்றும் போட்டோம்.
அவள் ஜெயித்தாள்.
எனக்கு மிஞ்சியது விதை.

பெயின்ட் தீர்ந்த வாளி.
ஆணியைச் சுட்டு அடியில் மூன்று ஓட்டை.
ஆற்று மணல், மக்கிய அசாய்க் கொட்டை,
ஒரு விரல் ஆழம்.
காய்ந்தால் விதை செத்துவிடும்,
ஈரத்தோடே புதை என்று
பழக்காரன் சொல்லியிருந்தான்.
வேறொன்றும் சொன்னான்.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல். ஒன்றுமில்லை.
ஜூலையில் ஒரு காளான் முளைத்தது.
ஜூசிலேனி அதற்குப் பெயர் வைத்தாள்,
பெயர் நிலைப்பதற்குள் அது கரைந்துபோனது.
பேருந்துப் பணிமனையில் எனக்கு இரவு வேலை.
விடியலில் வந்ததும்
பூட்ஸைக் கழற்றும் முன்னே
வாளிக்குள் எட்டிப் பார்ப்பேன்.
மண்ணுக்கென்ன,
அது மண்ணாகவே இருந்தது.

எதிர்வீட்டு ஸுலெய்தி
கம்பியழி வழியே கேட்பாள்:
வெறும் மண்ணுக்கா தண்ணீர் ஊற்றுகிறாய்,
அதுவும் இந்த ஊரில்?
மழைக்கு முன்னால் சந்திப்போமா
பின்னால் சந்திப்போமா என்றுதான்
நாங்கள் நேரம் குறித்துக்கொள்வோம்.
ஆனாலும் ஊற்றினேன்.

பதினாறாம் மாதம்
வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார்.
குளிர்பெட்டி ஏறியது, கட்டில் ஏறியது,
வலையூஞ்சல் சுருட்டி ஏறியது.
கடைசியாக வாளி.
தூக்கினேன்,
வரவில்லை.
மறுபடி தூக்கினேன்.
கீழிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல்.
வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான்.

மண்டியிட்டு, சாய்த்துப் பார்த்தேன்.
நடு ஓட்டை வழியாக
சுண்டுவிரல் பருமனில் ஒரு வேர்
முற்றத்துச் சிமென்ட் வெடிப்புக்குள் இறங்கியிருந்தது,
எவ்வளவு ஆழமோ.
மேலே ஓர் இலை கூட இல்லை.
பதினாறு மாதம்
நான் மேலேயே பார்த்திருக்கிறேன்.
பழக்காரன் சொன்ன மற்றது
இதுவாகத்தான் இருக்கும்.

ஜூசிலேனி ஒன்றும் சொல்லவில்லை.
கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து
இறைச்சிக் கத்தியை எடுத்துத் தந்தாள்.
கத்தியில் மஞ்சளாகப் பால் ஒட்டியது.
பிறகு எத்தனை முறை கழுவியும்
பிசுபிசுப்பு போகவில்லை.
மழை பிடித்துக்கொண்டது.
ஓடிப்போய் ஏறினோம்.

புது வீடு அனானிந்தேவாவில், மூன்றாம் மாடி.
ஈரத்துணிக்குப் பின்னால் வாளி.
ஏழு மாதம்.
காளான் கூட இல்லை.

பழைய வீட்டுக்குக் குடிவந்த ஒசிமார்
ஒருநாள் கூப்பிட்டான்:
உங்கள் பெயரில் மின்கட்டண ரசீது வந்திருக்கிறது.
போனேன்.
முற்றத்தில் காப்பி கொடுத்தான்.
இது என்ன செடி, பிடுங்கிவிடலாமா?

சிமென்ட் வெடிப்பில் ஒரு சாண் உயரம்.
இரண்டு இலைகள்,
தேய்த்துவைத்த செம்பின் நிறம்.
நாய் மிதிக்காமலிருக்க
அவன் மகள் அதன்மேல்
ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்திருந்தாள்.

பக்குரி என்றேன்.
காய்க்குமா?
காய்க்கும், பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும்.
என் ஒப்பந்தம் இரண்டரை வருஷம்தான்
என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
வெட்டினாலும் வேரிலிருந்து வரும் என்று
இன்னொன்றும் சொன்னேன்.
நாய் குரைத்துக்கொண்டிருந்தது,
கேட்டதா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன்.
ஜூசிலேனி கேட்டாள்: ரசீது கிடைத்ததா?
முளைத்துவிட்டது என்றேன்.
அவள் பால்கனிப் பக்கம் திரும்பினாள்.
இங்கே இல்லை, அங்கே.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு குடித்து மிச்சமிருந்த தண்ணீரை
எடுத்துப் போய்
வாளியில் ஊற்றினாள்.