மூன்று வரை எண்ணுபவன்

ஓரெஸ்ட் ஹலிச்சுக்கின் தோள்களை
என்னளவு அறிந்தவர் இல்லை,
அவன் மனைவி உட்பட.
பதினேழு குளிர்காலம்
தோளுக்கும் விரிப்புக்கும் நடுவே
வெளிச்சம் தெரிகிறதா என்று
குப்புறப் படுத்துப் பார்த்த நடுவர் நான்.
பெரும்பாலும் தெரியாது.
ஒன்று. இரண்டு. மூன்று.

சஸ்காட்செவனில் பிறந்த உக்ரைனியன்.
வின்னிபெக்கில் அவனுக்கு ருஷ்யன் வேஷம்.
அவன் அப்பா எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தாரோ
அந்த நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு
"உங்கள் கோதுமை எங்களுக்கு" என்று கத்துவான்.
யார்க்டனில் ஒரு கிழவர் எழுந்து வந்து துப்பினார்.
"குறி தப்பவில்லை லியோ,
கொடியில்தான் பட்டது" என்றான்.

எட்மன்டனில் முகமூடி.
ரெஜைனாவில் ஒரு வாரம் மட்டும்
செத்துப்போன யாரோ ஒருவனின் தம்பி.
ஸ்போக்கனில் பெயரே கிடையாது:
சுவரொட்டியின் அடியில்
மற்றும் பலர்.

இரவுக்கு நாற்பது டாலர்,
அதில் ஆறு பெட்ரோலுக்கு.
ஏழு பேர் ஒரு வேனில்.
நல்லவனும் கெட்டவனும் சேர்ந்து வருவதை
ஊர் பார்த்துவிடக் கூடாது.
எல்லைக்கு ஒரு மைல் முன்பே அவனை இறக்கிவிடுவோம்.
மைனஸ் முப்பதில்,
பூட்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு
கெட்டவன் நடந்து வருவான்.
பின்கண்ணாடியில் அவன் சிறுத்துப் போவதைப் பார்த்தபடி
நாங்கள் அவனுடைய ஊறுகாய் ஜாடியைக் காலி செய்வோம்.

மணிக்கட்டு டேப்புக்குள் கால்வாசி பிளேடு.
நெற்றியில் புதிதாகக் கீற இடமில்லை.
அந்தத் தழும்புப் பள்ளத்தில்
பத்துச் சதக் காசு ஒன்று செருகினால் நிற்கும்.
மகள் தோழிகளிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு
அதைக் காட்டியதாகக் கேள்வி.

"ஜெயிக்கிறவன் கையைத் தூக்கினால் போதும்.
அதை நம்பவைப்பது
கீழே கிடப்பவன் வேலை."
குடித்திருந்தபோது ஒருமுறை சொன்னான்.
குடிக்காதபோது கோதுமை விலைதான் பேசுவான்.

எழுபத்தொன்பது, பிப்ரவரி.
ஸ்விஃப்ட் கரண்டில் ஒரு கர்லிங் கூடம்.
டேல் டோர்விக், வயது இருபத்திரண்டு,
கம்பெனியின் மஞ்சள்முடி நம்பிக்கை.
மேல் கயிற்றிலிருந்து பாய்ந்தான்.
கால் வழுக்கியது.
ஓரெஸ்டைத் தாண்டித் தலை முதலில் இறங்கியது.
எனக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.
கண் திறந்திருந்தது,
உள்ளே ஆளில்லை.

நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எனக்குக் கை ஓடவில்லை.
ஓரெஸ்ட் தள்ளாடினான், ஊர்ந்தான்,
பையனின் பக்கத்தில் மல்லாந்தான்.
கழுத்தை அசைக்காமல்
தூங்குகிற பிள்ளையின் கையை எடுப்பதுபோல் எடுத்து
தன் மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டான்.

"எண்ணு."

எண்ணினேன்.
கூடம் எழுந்து கூத்தாடியது.
பிறகும் அவன் எழவில்லை.
ஒரு கை விரிப்போடு விரிப்பாகத் தவழ்ந்து
டேலின் கழுத்துக்கு அடியில் போய் நின்றது.
பதினோரு நிமிடம்.
ஆம்புலன்ஸ் வரும்வரை
செத்த ருஷ்யனாகவே கிடந்தான்.
கடலைத் தோல், காகிதக் கோப்பை,
ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை
எல்லாம் அவன்மேல் விழுந்தன.
இமைகூட அசையவில்லை.

டேல் பிழைத்தான். டிவியில் வந்தான்.
தங்கப் பெல்ட்டோடு கொடுத்த பேட்டியில்
ஆரம்ப காலத்தில் ஒரு ருஷ்யனை
ஒரே பாய்ச்சலில் முடித்ததாகச் சொன்னான்.
பொய் சொல்லவில்லை.
அவனிடம் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

ஓரெஸ்ட் இப்போது மெல்வில்லில்
தானியக் கிடங்கில் இரவு நேர எடைக்காரன்.
போன அக்டோபரில் பார்க்கப் போனேன்,
என் பழைய நோட்டோடு.
வெற்றி பத்தொன்பது என்றேன்.
"அவ்வளவா?" என்று சிரித்தான்.
லாரி ஒன்று வந்தது, எடை போட்டான், போனது.

"ஸ்விஃப்ட் கரண்டை எந்தப் பக்கம் எழுதியிருக்கிறாய்?"

தோல்வியில், என்றேன்.

"அழித்துவிடாதே."

தோள் இரண்டும் இப்போது மேலெழும்புவதில்லை.
காபிக் கோப்பையை மேசையிலேயே விட்டு
அதை நோக்கிக் குனிந்தான்.