அட்டவணை நான்கு

நாளை மறுநாள் அறைச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.
கடிதம் வந்துவிட்டது, மூன்று மொழிகளிலும்
ஒரே அளவு நன்றியோடு.
தேர்ஸ்டன் வீதியில் மழை.
இருபத்தொன்பது வருடக் கோப்புகள் ஜன்னலோரம் ஈரம் வாங்குகின்றன.
பழைய கடதாசி கிலோ என்ன விலை என்று
எழுதுவினைஞர் தர்மினி விசாரித்து வைத்திருக்கிறாள்.

அடியிலிருந்து வருகிறது என் முதல் ஆய்வேடு:
கொழும்பு வடக்கில் வளர்ந்தோர் இரவு வகுப்புகள்,
இடைவிலகல் பற்றியது.
நூற்று நாற்பது பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.
பாதிப் பேர் அட்டவணை நான்கைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

சேர்ந்தோர் நாற்பத்தொன்று. விலகியோர் இருபத்தாறு.
அறுபத்து மூன்று தசம் நான்கு சதவீதம்.
அந்தத் தசம் நான்குதான்
என்னை லீட்ஸுக்கு அனுப்பியது,
கம்பளிக் கோட்டு வாங்கித் தந்தது,
மூதவையில் ஒரு நாற்காலியும்
உயர்கல்விக் குழுக்களில் ஆறிய தேநீரும்
மாலு பணிசும் தந்தது.

தொண்ணூற்றாறு, மின்வெட்டு வருடம்.
ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு தேவாலய மண்டபம்.
பாலர் வகுப்பு வாங்குகள்.
முழங்கால்கள் மேசைக்கடியில் நுழையாமல்
எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி இருந்தார்கள்,
யன்னலோரம் கிடைக்காத பஸ் பயணிகள் மாதிரி.
பள்ளிக்கூட வேலையை விட்டுவந்த முப்பத்தாறு வயதுக்காரி நான்,
பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் வினாக்கொத்தோடு.

சேவியர் அருளப்பு, துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்,
பதினோராம் நாள் வரவில்லை.
பன்னிரண்டாம் நாளும்.
'தனிப்பட்ட காரணம்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

இருபது வருடம் கழித்து
ஐந்துலாம்புச் சந்தி பஸ்தரிப்பில்
"டீச்சர்" என்று ஒரு குரல்.
ஏன் நிப்பாட்டினீங்கள் என்று
அன்றைக்குத்தான் கேட்டேன்.
"நிப்பாட்டல்லையே டீச்சர், முடிச்சிட்டேன்.
மக டோஹாவிலருந்து போடுற கடிதத்த
பக்கத்து வீட்டுக்காரன் வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சான்.
எழுத்து அரைகுறையா தெரியும்,
கொம்புதான் பிடிபடாம இருந்துச்சு.
பத்து நாள்ல பிடிபட்டுச்சு.
பிறகு எதுக்கு வாறது?"

நூற்றைம்பத்தைந்து வந்தது, போனது.
இருவரும் ஏறவில்லை.

இனி மற்றது.
'இதர' என்ற கட்டத்தில் மூன்று கோடுகள்.
அதில் ஒன்று தவயோகன்,
செட்டியார் தெரு நகைப் பட்டறையில் ஊதுகுழல் பிடித்த பையன்.
வகுப்பு விட்டுப் போகையில் சோதனைச் சாவடியில்
கொப்பியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.
ட டா டி டீ, பக்கம் முழுக்க.
இது என்ன சங்கேதம் என்று கேட்டார்களாம்.
அவனுக்கு விளக்கத் தெரியவில்லை.
எழுத்துத் தெரியாத ஒருவன்
எழுத்தை எப்படி விளக்குவான்?

அருளப்புவுக்குத் தெரியாமல் போட்ட கோடு.
தவயோகனுக்குத் தெரிந்தே போட்டேன்.
படிவத்தில் வேறு கட்டம் இல்லை என்று
என் வழிகாட்டியிடம் சொன்னேன்.
அவர் கேட்கவே இல்லை; நானாகத்தான் சொன்னேன்.

திருத்தம் அனுப்பலாமென்றால்
அட்டவணையை வெளியிட்ட சஞ்சிகை
எப்போதோ நின்றுவிட்டது.
ஆகவே நூலகத்துக்குப் போனேன்.
புத்தகத்தில் எழுதினால் தண்டம்
என்று தீர்மானித்த குழுவில் நானும் இருந்தவள்தான்.
தொகையைக்கூட நான்தான் முன்மொழிந்தேன்.
இருபத்தாறை வெட்டி ஓரத்தில் எழுதினேன்:

முடித்தவர் ஒருவர்.
பிடிக்கப்பட்டவர் ஒருவர்.
மீதி இருபத்து நான்கு பேரை
ஆய்வாளர் கேட்கவில்லை.

பென்சிலில்தான் எழுதினேன்.
வீட்டுக்குப் போக இன்னும் அதே பஸ்தரிப்பில்தான் நிற்கிறேன்,
யாராவது கூப்பிடலாம்.