முன்னுரிமை எண்

பதினோரு மருத்துவ நிலையங்கள்.
பதினோரு ரூட்டர்கள், ஒவ்வொன்றும் ஓர் அலமாரிக்குள்,
சில ஊர்களில் துடைப்பத்தோடு.
இரண்டிரண்டாய் இணைத்துச் சுரங்கம் வெட்டினால்
ஐம்பத்தைந்து சுரங்கம் வேண்டும்.
நான் வெட்டவில்லை.
ஒரு குழு, ஒரு சாவி என்று எழுதினேன்,
கோயாய்க்கேயில், மழை விடாத ஒரு ஜூலையில்,
மாத்தே தேநீர் ஆறிப்போன மேசையில்.

உறையின்மேல் முகவரி அப்படியே இருக்கும்;
யாரிடமிருந்து, யாருக்கு என்று வழியெல்லாம் வாசிக்கலாம்.
உள்ளிருப்பதை மட்டும்
குழுவில் உள்ளவர்தான் திறக்க முடியும்.
மணிக்கொரு தரம் சாவி மாறும்.
மாற்றித் தர ஒரு சர்வர் என்னிடம்;
அது செத்தால் இன்னொன்று
புவெர்த்தோ அய்சேனில், பெலார்மினோவிடம்.

கட்டளை வரி ஓர் எண் கேட்டது: முன்னுரிமை.
எனக்கு நூறு போட்டேன். அவனுக்கு எழுபத்தைந்து.
"தொண்ணூற்றொன்பது போட்டிருந்தாலும்
வேலை நடந்திருக்கும், நோல்ஃபா" என்றான் தொலைபேசியில்.
சிரித்தானா என்று தெரியவில்லை.
நான் மாற்றவில்லை.

ஆகஸ்ட் பத்தொன்பது, இரவு. மலை சரிந்து
ஆற்றோரச் சாலையையும் கேபிளையும்
ஒரே வாயில் விழுங்கியது.
எல்லாம் தானாகச் செயற்கைக்கோளுக்கு ஏறிக்கொண்டது.
பிங் அடித்தேன்.
அறுநூறு மில்லிசெகண்ட், ஆனாலும் பதில் வந்தது.
நலம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் படுத்தேன்.

இரண்டரைக்குத் தோர்த்தெலிலிருந்து எதெல்மிரா.
அந்த ஊரில் தெரு கிடையாது, மரப்பலகைப் பாதைதான்;
உறைந்த பலகையில் ஒரு பையன் வழுக்கிவிட்டான். மணிக்கட்டு.
"எக்ஸ்ரே அனுப்பிவிட்டேன்,
உங்கள் ஊர் டாக்டர் ஒன்றும் வரவில்லை என்கிறார்.
மெலிங்காவுக்கும் போகவில்லை.
கோக்ரானுக்குப் போகிறது. கோக்ரானில் டாக்டர் இல்லை."

என் திரையில் என் சர்வர்: முதன்மை.
அவன் திரையில் அவனுடையது: முதன்மை.
என்னுடையது அவனுடையதைச் செத்ததென்று குறித்திருந்தது.
அவனுடையதும் அப்படியே, பதினான்கு விநாடி தள்ளி.
இரண்டும் உயிரோடு, இரண்டும் மணி தவறாமல்
புதுச் சாவி அடித்து வழங்கிக்கொண்டிருந்தன.
ஐந்து ஊருக்கு என் சாவி, ஆறு ஊருக்கு அவன் சாவி.
உறை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.
அந்தப் பக்கத்தில் யாராலும் பிரிக்க முடியவில்லை.

"உன் பக்கம் எதையாவது மாற்றினாயா?"
"நீ?"
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு அவன்தான் சொன்னான்:
"பெரிதாக ஒரு பிங் அடித்துப் பார்."
ஆயிரத்து ஐந்நூறு பைட். விழுந்தது.
ஆயிரத்து முந்நூறு. வந்தது.

இருக்கிறாயா, இருக்கிறேன் என்ற
குட்டிச் சொற்களுக்கு வானத்தில் இடமிருந்தது.
சர்வரும் சர்வரும் பேசும் நீண்ட பேச்சு,
குழுவில் யார், சாவி எது, எவ்வளவு நேரம் பாக்கி,
அதுதான் துண்டாகி, ஒரு துண்டு எங்கோ தங்கிப்போய்,
மீதி வந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை.

அளவைக் குறைத்தோம். அவன் அங்கே, நான் இங்கே,
ஒன்று இரண்டு மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் என்டர்.
மூன்று இருபத்தேழுக்கு
என் சர்வர் நூறு என்றது.
அவனுடையது எழுபத்தைந்து என்றது.
வாக்குவாதம் இல்லை. இறங்கிக்கொண்டது,
தன் சாவியையும் கையில் கொடுத்துவிட்டு.
பழையது காலாவதியாகும் வரை
ரூட்டர்கள் இரண்டையும் வைத்திருந்தன,
இரண்டாலும் திறந்தன.

பையனுக்குச் சுளுக்குத்தான்.
எதெல்மிரா சொல்லவில்லை, காலையில் நானே கேட்டேன்.

ஆனால் அப்போது மூன்றரை.
பெலார்மினோ இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை.
"அங்கே மழையா?"
"விட்டுவிட்டது."
"இங்கே இல்லை."
அவன் சர்வரின் கட்டமைப்புக் கோப்பு என்முன் திறந்திருந்தது.
எழுபத்தைந்தின் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
அழித்தேன். தொண்ணூற்றொன்பது என்று அடித்தேன்.
சேமித்தேன்.
மாற்றத்துக்குக் காரணம் என்று கேட்ட கட்டத்தைக்
காலியாக விட்டேன்.