பத்து நிமிடக் கெடு

மூஸ் ஜாவுக்கு வெளியே, எடைமேடை முன்னால்
பருப்பு லாரிகள் பதினொன்று.
மேடை எடையைச் சொல்கிறது,
சர்வர் கேட்கக் காத்திருக்கிறது,
நடுவில் இருக்கும் நெட்வொர்க் கார்டு
காதில் வாங்குவதில்லை.

நான் ரெஜைனாவில், சமையலறை மேசையில்.
அந்தக் கார்டின் வழியாகவே உள்ளே போய்
அந்தக் கார்டையே சரிசெய்ய வேண்டும்.
உட்கார்ந்த கிளையை அறுப்பவனை
முட்டாள் என்பார்கள்.
எங்கள் தொழிலில் அவனுக்கு மாதச் சம்பளம்.

லாக் முழுக்க இரண்டே சேதி:
1:52 இணைப்பு போனது
1:52 இணைப்பு வந்தது
2:09 போனது
கேபிளை மாற்றியாயிற்று,
ஸ்விட்ச்சில் துளையை மாற்றியாயிற்று.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டேரில்
'பச்சை விளக்கு எரியுது' என்கிறான் போனில்.
எரியும்.
அதுதான் அதன் சாமர்த்தியம்.

செவ்வாய்க்கிழமை கெர்னலைப் புதுப்பித்ததிலிருந்து
டிரைவருக்கு ஒரு சிக்கன புத்தி.
லாரி வராத இடைவெளியில்
கார்டைத் தூங்க அனுப்பிவிடுகிறது.
எழுப்பத்தான் தெரியவில்லை.

முதலில் சர்வருக்கு ஒரு கெடு வைத்தேன்:
பத்து நிமிடத்தில் நீயாக அணைந்து நீயாக எழு.
கை தவறி வாசல் சாத்திக்கொண்டால்
எனக்கு வேறு சாவி இல்லை.
பிறகு,
டிரைவரைக் கழற்று, தூங்காதே என்று சொல்லி மாட்டு,
இரண்டையும் ஒரே வரியில் கோர்த்தேன்,
நடுவில் நான் பேச முடியாது என்பதால்.

தட்டிய எழுத்து எதுவும் திரையில் ஏறவில்லை.
பதினெட்டு நொடி.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி ஓய்ந்தது.
பிறகு பொறுமையில்லாமல் நான் தட்டிய என்டர்கள்
மொத்தமாக வந்து கொட்டின.

ஐந்நூறு பிங் போய் ஐந்நூறும் திரும்பின.
'அறுபத்திரண்டு டன்' என்று கத்தினான் டேரில்,
தானே சுமந்ததுபோல.
கெட்டிலை வைத்தேன்.

கெடுவை எடுக்க மறந்தேன்.

தேநீர்ப் பை நிறம் விடத் தொடங்கிய நேரம்
சர்வர், சொன்ன சொல் தவறாமல்,
அணைந்தது.
எழுந்தபோது என் ஒற்றை வரி அதற்கு நினைவில்லை.
கோப்பில் எழுதி வைத்திருந்தால்தானே?
நாலாவது லாரி பாதி மேடையில்,
பின்சக்கரம் மண்ணில்.

டேரில் திட்டவில்லை.
'விளக்கு இப்பவும் பச்சைதான்' என்றான்.

மறுபடி உள்ளே போனேன்.
கோப்பில் எழுதினேன், முதல் வேலையாக.
கெடுவையும் வைத்தேன், வைக்காமல் முடியாது.
உள்ளங்கையில் பேனாவால்
கெடு என்று எழுதிக்கொண்டேன்.

அதை எடுத்தபோது இரண்டு நிமிடம் மீதி.
காலையில் பல் தேய்க்கும்போது
கையிலிருந்து அழிந்தது
கொம்பு மட்டும்தான்.