புள்ளிக்கு ஒரு பிட்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
டைல்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு திரை.
மூன்று வாரமாக, ரெஜெக்ஸ் நூலகம் ஒன்றுக்காக,
ஒவ்வொரு குறியையும் நிறுத்தி விசாரிக்கிறேன்:
நீ எழுத்தா, இலக்கமா, வெறும் இடைவெளியா?
உனக்குப் பெரிய வடிவம் உண்டா?

கடைசிக் கேள்விக்கு எங்கள் எழுத்துகள்
தம்மையே திருப்பித் தருகின்றன.
அகரத்துக்குப் பெரியது அகரம், சிறியதும் அகரம்.
பத்தி முழுக்க அதே பதில்.
அதையும் நிரப்பித்தான் ஆகவேண்டும்.

நூற்று இருபத்தெட்டு இருக்கை, எழுபத்திரண்டில் ஆள்.
கனாவுக்கும் ஙனாவுக்கும் நடுவே மூன்று காலி,
யாருக்கோ துண்டு போட்டுவைத்த பஸ் சீட்டு மாதிரி.
அவர்கள் ஏறவேயில்லை.
மூன்றிலும் சுழியம் இட்டேன்.

௧ இலக்கம். ௯ இலக்கம்.
௰ எண்தானாம், ஆனால் இலக்கமில்லையாம்.
விதிப்புத்தகத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு
பத்தைத் தனியே உட்காரவைத்தேன்.

வீட்டுக்காரர் மெய்யம்மை
முன்பணம் வாங்கிய அன்றே கேட்டிருந்தார்:
எந்த ஊர், எந்தக் கோயில், எந்தப் பிரிவு?
கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.
"பழக்கதோஷம், சலேத்து."
இடைக்காட்டூர். மாதா கோயில். வாடகைப் பிரிவு, என்றேன்.
என் கணினியிடம் நானும்
எந்த மொழி, எந்த நாடு, எந்தக் குறியேற்றம்
என்றுதானே தொடங்குகிறேன்.

சோதிக்கப் பெயர் வேண்டுமென்றதும்
அவர் தந்தது கோயில் வரிப் பட்டியல்,
நானூற்றுப் பதினேழு பெயர்.
முதலில் தன் பெயரைத் தேடச் சொன்னார்.
திரையில் வந்தது:

ம
ய
ய
ம
ம

கொம்பும் புள்ளியும் எங்கே உதிர்ந்தன என்று
மேசைக்கடியில் தேடாத குறைதான்.

"புள்ளி எழுத்தில்லையா?"
அட்டவணைப்படி அது ஒட்டு. சொல் அங்கே முறிந்துவிடும்.
"எங்களில் புள்ளிதான் கணக்கு.
கல்யாணமானால் ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு வரி.
அவுக போனப்புறம் நான் அரைப்புள்ளி."
மின்கட்டணம் எவ்வளவு என்று சொல்லும் குரலில் சொன்னார்.

என் அட்டவணையிலும் அரைப்புள்ளி உண்டு.
ஐம்பத்தொன்பதாவது இடம். வகை: நிறுத்தக்குறி.
அதை நான் சொல்லவில்லை.

அன்றிரவு புள்ளிக்கு ஒரு பிட் ஏற்றினேன்:
சொல்லுக்குள் நிற்கலாம், முறிக்காதே.
கொம்புக்கும் காலுக்கும் அதே சலுகை.
எல்லாச் சோதனையும் பச்சை.
தூங்கப் போனேன்.

காலையில் நானூற்றுப் பதினேழும் பூஜ்யம்.

இரண்டேகாலுக்குக் கரண்ட் போயிருக்கிறது.
வந்ததும் கணினி தானாக எழுந்து
அட்டவணையைத் தானாகவே மறுபடி கட்டியிருக்கிறது.
அந்த வேளையில் ஓடும் வேலையிடம்
ஊர் எதுவென்று யாரும் சொல்லிவைக்கவில்லை.
சொல்லாவிட்டால் அது 'சி' என்று எடுத்துக்கொள்ளும்.
'சி' ஓர் ஊர். பஸ் கிடையாது.
இருபத்தாறு பேர்தான் அங்கே எழுத்து,
பெரிதும் சிறிதுமாக.
மற்றதெல்லாம் கம்பியில் வரும் இரைச்சல்.

கட்டிய இடத்தின் ஊரை
அட்டவணை தன்னோடு எடுத்துப் போகிறது.
பிறகு எந்த ஊரில் ஓட்டினாலும்
அந்த ஊர்க்காரனாகவே பதில் சொல்கிறது.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு மதியமாயிற்று,
இரண்டு பன், ஒரு தலைவலி.

நிரலின் தலையில் ஒரே வரி சேர்த்தேன்,
தமிழ், இந்தியா, எட்டுபிட் வகை என்று.
மறுபடி கட்டினேன்.

மெய்யம்மை என்று பதினொரு பேர் வந்தார்கள்,
கொம்பு முறியாமல், புள்ளி சிந்தாமல்.
நீங்கள் எது?
கண்ணாடியைத் தேடாமல்
விரலைக் கீழே இழுத்துப்போய் ஏழாவதில் நிறுத்தினார்.

பெயருக்குப் பக்கத்தில் ½.

அதன் வகையைப் பார்த்தேன்.
பத்துக்குச் சொன்னதையேதான் சொல்லியிருக்கிறார்கள்:
எண்தான், இலக்கமில்லை.

"இதுவும் தேடினால் கிடைக்குமா?" என்றார்.
கிடைக்கும், என்றேன்.
கீழே லாரியிலிருந்து டைல்ஸ் இறக்கும் சத்தத்தில்
இன்னொரு முறை சொல்லவேண்டியிருந்தது.