வங்காள ரோஜா

குளிரில் அது வேலை செய்யாது.
அதனால் சீசாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான்
பட்டி பட்டியாக ஏறி இறங்குகிறேன்,
அடைகாக்கிறவள் மாதிரி.
நாரின் ஆற்றுக்கு மேலே ஏப்ரலிலும் பனி.
சாயத்தின் பெயர் வங்காள ரோஜா.
இந்த மலையில் வங்காளம் பார்த்தவர் இல்லை,
ரோஜா வளர்த்தவரும் இல்லை.

வெள்ளைத் தட்டில் ரத்தநீர் ஒரு துளி,
பக்கத்தில் இளஞ்சிவப்பு ஒரு துளி.
கலந்து, தட்டை ஆட்டி ஆட்டி நாலு நிமிடம்.
வழுவழுவென்று கிடந்தால் மாடு தப்பித்தது.
மணல்மணலாய்த் திரிந்தால்
காதில் துளை, வாசலில் லாரி.

அப்படித்தான் முகாம்பெத்தின் ஒரே கறவையைப் பதிவேட்டில் ஏற்றினேன்.
எண் நானூற்றுப் பதினேழு, செவலை, நெற்றியில் சுட்டி.
மார்ச்சில் கன்று வீசியது.
"பணம் தருவார்களா?"
தருவார்கள்.
"எப்போ?"
பேனா மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
ஞாயிறு விடியுமுன்னே
மாடு சந்தைக்குப் போய்விட்டதாம், காதில் துளை இல்லாமல்.
லாரி வந்து வெறும் முளைக்குச்சியைப் பார்த்துத் திரும்பியது.

பிறகு எனக்குக் காய்ச்சல்.
பொழுது சாய ஏறும்,
விடிகிறபோது சட்டையைப் பிழியலாம்.
மூன்று நாள் எதுவுமே நடக்காதது போல இருக்கும்,
அப்புறம் மறந்துபோன கடன்காரன் போல
முழங்காலில் வந்து உட்காரும்.

ஒரு ராத்திரி மகளின் கணக்கு நோட்டைத் தள்ளிவைத்து
என் ரத்தத்தையே தட்டில் விட்டேன்.
நாலு நிமிடம் தேவைப்படவில்லை.

படிவத்தில் 'இனம்' என்றொரு கட்டம்:
மாடு, செம்மறி, வெள்ளாடு, யாக், மற்றவை.
மற்றவை என்பதில் குறியிட்டேன்.
இதே துளிக்கு அவளுக்கு லாரி.
எனக்கு ஆறு வாரம், இரண்டு வகை மாத்திரை,
ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர்,
மருத்துவ விடுப்பு என்று ஒரு தாள்.

எங்கே பிடித்தது என்று யோசிக்கவே வேண்டாம்.
கையுறைப் பெட்டி பிப்ரவரியிலேயே காலி.
மார்ச்சில் அந்தச் செவலைக்கு நஞ்சுக்கொடி விழவில்லை,
முழங்கை வரை விட்டு
வெறுங்கையால் எடுத்தவள் நான்.
கொதகொதவென்று இருந்தது உள்ளே.
வெளியே பனி கொட்டிய அந்த நாளில்
கைக்கு இதமாகக்கூட இருந்தது.

அபராதம் எழுதப் போகவில்லை, சும்மாதான் போனேன்.
முகாம்பெத் இல்லை. அனார்குல் இருந்தாள்.
கிண்ணத்தில் தேநீர், மேலே ஆடை மிதந்தது.
"பால் காய்ச்சினதா?" என்றேன்.
ஒரு வீட்டில் உட்கார்ந்து கேட்கக் கூடாத கேள்வி.
அவள் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவுமில்லை,
பதில் சொல்லவுமில்லை.

உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.
ரெண்டு வருஷமாக இப்படித்தானாம்,
நனைந்த வைக்கோலைத் தூக்கியதால் என்றாளாம் மாமியார்.
கேத்தில் மூடி தடதடத்தது.
"அதுவும் ரெண்டு" என்றாள்.
"நாலாம் மாசத்தில் ஒன்று. அடுத்தது அஞ்சில்."
மாட்டுக்கானால் கன்று வீசியது என்போம், உரக்கவே.
இவளுடையதற்கு
இந்த வீட்டில் இதுவரை யாரும் ஒரு சொல்லும் எடுத்து வைக்கவில்லை.

"கோச்கோர் பக்கம் விற்றோம்" என்றாள் தானாகவே.
"வாங்கினவன் வண்டியில் தொட்டில் ஒன்று இருந்தது."
இருவரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மனித ரத்தம் எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.
ஊசியும் மாட்டு ஊசி.
மருத்துவமனைக்கு எழுதித் தருகிறேன், நாளைக்கே போ என்றேன்.
பேருந்து வியாழக்கிழமைதான் என்று சொல்லிக்கொண்டே
சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

பையின் அடியில் சின்ன ஊசி ஒன்று கிடந்தது,
நாய்க்குட்டிகளுக்கானது, உறை பிரிக்காதது.
தட்டைத் துடைத்து வைத்தேன்.
சீசாவைக் கக்கத்தில் இடுக்கினேன்.
எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் நாள்,
சீக்கிரமே சூடேறிவிட்டது.