சேராங்கொட்டை மை

தம்பி எத்திராஜ் கார் ஏற்றும் கப்பலில் மோட்டர்மேன்.
எண்ணூரில் ஏறியவன்
இருபத்து மூன்றாம் நாள்
ஜப்பானில் ஏதோ துறைமுக ஊரிலிருந்து
போட்டோ அனுப்பியிருக்கிறான்:
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் கோட்டு.

பக்கத்து அட்டையைப் போனில் காட்டிப்
படித்துச் சொன்னான்.
இளவரசர் ஹிசாயோரி.
பேரரசருக்கு ஒன்றுவிட்ட ஏதோ முறை.
பதினேழு வயதில் கடற்படைப் பள்ளி.
பயிற்சிக் கப்பலில் உலகம் சுற்றினார்;
மெட்ராஸில் நான்கு நாள்.
பீரங்கிப் படிப்பு, டார்பிடோ படிப்பு,
கடைசியில் ஒரு குரூசருக்குத் தலைவர்.
தோற்று இரண்டு வருஷம் கழித்து
இனி நீங்கள் இளவரசர் இல்லை என்று காகிதம் வந்தது.
அப்புறம் பதினேழு வருஷம்
ஐஸ் கம்பெனியில் கணக்கு.

ஐஸ் கம்பெனி என்றதும்
எனக்கு ஆள் பிடிபட்டுவிட்டார்.
காசிமேட்டில் விடியற்காலை
ஐஸ் பார்களை எண்ணிக்கொண்டு
காதில் பென்சில் செருகி நிற்பாரே, அப்படி ஒருத்தர்.

'இன்னொண்ணு பாருக்கா.'
காலரின் உள்பக்கத்தைப் பெரிதாக்கி அனுப்பினான்.
ஒரு கோடு, கீழே மூன்று புள்ளி, பக்கத்தில் கொக்கி.
கொஞ்சமும் வெளுக்காத கறுப்பு.
பொருள் தெரியாத குறி,
ரகசியச் சங்கேதமாக இருக்கலாம்
என்று எழுதி வைத்திருக்கிறார்களாம்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

கோடு, கப்பல் துணி.
மூன்று புள்ளி, பழைய வண்ணாரப்பேட்டை மூன்றாம் சந்து.
கொக்கி சஞ்சீவி; என் அப்பாவுக்குத் தாத்தா.
சேராங்கொட்டை மை. கோட்டு கிழியும், அது போகாது.
இன்றைக்கும் நான் போடுவது அதே கொக்கிதான்,
பால்பாயிண்ட் பேனாவில்.

நங்கூரப் பொத்தான்களைக் கழற்றித்
துணியில் முடிந்து இடுப்பில் செருகியிருப்பார்.
கல்லில் அடித்தால் உடையும்; உடைந்தால் கூலி போகும்.
காலரில் இருந்தது வெறும் வியர்வை.
எல்லார் காலரிலும் இருக்கிறதே, அது.

பின்னால் ஒருநாள்
அதே கொடி குண்டு போட வருகிறதென்று
பட்டணமே மூட்டை கட்டியது.
சஞ்சீவி போகவில்லை.
வீரமெல்லாம் இல்லை.
வெளுத்த துணியை நாற்பது வீட்டுக்குத் திருப்ப வேண்டியிருந்தது;
வீடுகள் பூட்டிக் கிடந்தன.

அந்த வாரம் ஹிசாயோரி எந்தக் கடலில் இருந்தார்,
அட்டையில் இல்லை.
இந்தக் கோட்டை மாட்டியிருந்தால்
பிடரித் தோலை ஒட்டி
எங்கள் சந்தின் விலாசம் இருந்திருக்கும்.

'சொல்லிடட்டுமாக்கா இவங்ககிட்ட?'

டைப் செய்கிறேன். அழிக்கிறேன்.
எம்.சி. ரோட்டில் ஜவுளி லாரி
ஹார்னில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை.
கரி ஆறிக்கொண்டிருந்தது.
கடைசியில் அனுப்பினேன்:

'தோள் மடிப்பு தப்பா தேச்சிருக்காங்க.
அத மட்டும் சொல்லு.'